மறுப்பவர் பெயர்

பத்மஜாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவள் கோபத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். அவள் வீட்டில் பால் பொங்கி வழிந்தால் அவள் அடுப்பைத் திட்டுவது என் வீட்டில் கேட்கும். கேஸ் சிலிண்டர், கரண்ட் ஆபீஸ், கணவர் மஹேஷின் மறதி, எல்லாவற்றையும் ஒரே சுருதியில் திட்டுவாள். தன்னையே திட்டிக்கொள்வதும் உண்டு, அதற்கு மட்டும் சுருதி கொஞ்சம் ஏறும். நான் சீதாலக்ஷ்மி. தம்பானூரில் ஒரு பஸ் டிக்கெட் புக்கிங் ஆபீஸில் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன்.

பத்மஜா கிழக்கேகோட்டையில் ஒரு கூரியர் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஆபீஸை மூடிவிட்டார்கள். நாற்பத்தாறு வயசில் வேறு வேலை தேடிப் போனால், போன இடத்திலெல்லாம் "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று கேட்டார்கள். பாதி ஆயுசைக் கம்ப்யூட்டர் முன்னால் கழித்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? அந்தக் கோபத்தில் நேராகப் போய் தம்பானூரில் ஒரு மாடியில் நடக்கும் பைதான் வகுப்பில் பணம் கட்டிவிட்டு வந்தாள். பைதான் என்பது கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிற மொழி. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

சொல்லிக் கொடுத்தவன் சுஜித். எங்கள் பிள்ளைகள் வயசு இருக்கும். முதலில் கூட்டல் கழித்தல் என்று சாதுவாகத்தான் போனது. பிறகு கிளாஸ், ஆப்ஜெக்ட் என்று ஆரம்பித்தான். எனக்குத் தலை சுற்றியது. பத்மஜா வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு விளக்கினாள். "கிளாஸ்னா கொழுக்கட்டை அச்சு. ஆப்ஜெக்ட்னா அதுல பிடிச்ச கொழுக்கட்டை. அச்சு ஒண்ணுதான், கொழுக்கட்டை எத்தனை வேணா பிடிச்சுக்கோ. இதுல என்னடி கஷ்டம்?" எனக்குக் கொழுக்கட்டை நன்றாகவே புரிந்தது. மற்றது புரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து நான் போகவில்லை.

அவள் விடவில்லை. சுஜித் அடிக்கடி சொல்லும் ஒரு விதியை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். "யூஸரெ ஒரிக்கலும் விஸ்வஸிக்கருத், சேச்சி" என்பான். பயன்படுத்துகிறவரை ஒருபோதும் நம்பாதே என்று அர்த்தம். பேரைக் கேட்டால் எண்ணைத் தட்டுவார்கள், எண்ணைக் கேட்டால் ஒன்றும் தட்டாமல் விடுவார்கள். ஆகவே ஒவ்வொரு பதிலையும் சோதித்துத்தான் உள்ளே விட வேண்டும், தப்பாக இருந்தால் மறுபடி கேட்க வேண்டும். பிறத்தியாரை நம்பாமல் இருப்பது பத்மஜாவுக்குக் கைவந்த கலை. அதனால் இந்தப் பாடம் சட்டென்று பிடிபட்டது.

தெருக்கோடியில் எங்கள் பிள்ளையார் கோவில் இருக்கிறது. சின்னக் கோவில்தான், தெருக்காரர்களின் கமிட்டி ஒன்று நடத்துகிறது. அங்கே அர்ச்சனைச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர் கண் மங்கிப்போய் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். கமிட்டி பத்மஜாவை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னது. கையால் எழுத மாட்டேன், நானே ஒரு ப்ரோக்ராம் எழுதுகிறேன் என்றாள் அவள். யாரோ தானமாகக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று கமிட்டி அலமாரியில் தூசி தின்றுகொண்டிருந்தது. சீட்டு அடிக்கிற சின்ன பிரிண்டரைச் செயலாளர் பஞ்சாபகேசன் தன் வீட்டிலிருந்து கொடுத்தார்.

பஞ்சாபகேசனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சர்க்கார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனுஷர் என்று வாய் கூசாமல் சொல்ல என்னால் முடியாது. மீனமாச வெயிலில் போகிறவர் வருகிறவர்க்கெல்லாம் மோர் கொடுப்பார். ஆனால் யாரிடமும் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. "கமிட்டியில கேட்கணும்", "ரூல் அப்படி இருக்கு", "மேலிடத்துல ஒத்துக்க மாட்டா" என்று இன்னொருத்தர் தலையில் கட்டிவிடுவார். அந்த மாதிரி ஆசாமிகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பத்மஜாவின் ப்ரோக்ராமில் படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அந்தத் திரையில் தமிழ் சரியாக வராததால் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில். பேர் கேட்கும், நாள் கேட்கும், கோத்திரம் கேட்கும், சீட்டு அடிக்கும். இங்கே நாள் என்றால் பிறந்த நட்சத்திரம். கூட்டத்தில் கண்ட கோத்திரத்தையும் தப்பும் தவறுமாகத் தட்டிவிடக் கூடாதென்று ஒரு பட்டியலையும் உள்ளே வைத்தாள். பட்டியலைக் கொடுத்தவர் பஞ்சாபகேசன். அதில் இல்லாததைத் தட்டினால் 'இன்வாலிட் கோத்ரம்' என்று திரை சீறும், மறுபடி கேட்கும்.

முடித்ததும் சோதித்துப் பார்க்க எங்களைக் கூப்பிட்டாள். ஒரு சாயங்காலம் தெருப் பெண்களெல்லாம் அவள் வீட்டில் கூடினோம். காபி கொடுத்தாள். ஒவ்வொருத்தியாகப் போய் அவள் எதிரில் உட்கார்ந்து பதில் சொன்னோம். நான் பாரத்வாஜம் என்றேன். எனக்கு அடுத்தவள் கௌண்டின்யம், அதற்கடுத்தவள் வாதூலம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள் நாங்கள். ஒரு தடவைகூட அது மக்கர் பண்ணவில்லை. நாங்கள் கைதட்டினோம். ஊரிலேயே பெரிய சாதனை எங்கள் தெருவில் நடந்துவிட்டது போல ஒரு பெருமை.

கோவில் வாசலில் பூ விற்கிறவள் கிருஷ்ணவேணி. தெற்கே பாறசாலைப் பக்கத்துக்காரி. வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பூக்கட்டி, மகள் ரெம்யாவைப் பி.ஏ. வரை படிக்கவைத்தவள். ரெம்யா பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சர்க்கார் வேலைக்கான பரீட்சை. திருவனந்தபுரத்தில் அதற்குப் படிக்காத பிள்ளை இருக்கிற வீடு உண்டா? ஒவ்வொரு மாதமும் சதய நட்சத்திரத்தன்று கிருஷ்ணவேணி மகள் பேருக்கு அர்ச்சனை வைப்பாள். பழைய கிளார்க் 'ரெம்யா, சதயம்' என்று எழுதி உள்ளே அனுப்புவார். குருக்கள் வாசிப்பார். வருஷக்கணக்காக இதுதான் வழக்கம்.

ப்ரோக்ராம் வந்த பிறகு வந்த முதல் சதயத்தன்று நான் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பத்மஜா, திரை எங்களுக்கும் தெரியும்படி பக்கவாட்டில் இருந்தது. பேர் தட்டினாள், நாள் தட்டினாள்.

"கோத்திரம்?" என்றாள்.

"அது எங்களுக்கு இல்ல மாமி" என்றாள் கிருஷ்ணவேணி.

பத்மஜா ஒன்றும் தட்டாமல் விட்டாள். இன்வாலிட் கோத்ரம். இல்லை என்று தட்டினாள். இன்வாலிட் கோத்ரம். சிவ கோத்திரம் என்று தட்டிப் பார்த்தாள். அது பட்டியலில் இல்லை. மறுபடி அதே சீறல். வரிசையில் பின்னால் நின்றவர்கள் மணி பார்த்தார்கள், உச்சுக் கொட்டினார்கள். பத்மஜாவின் காது சிவந்தது. கடைசியில் காசியப கோத்திரம் என்று தட்டினாள், அதைப் பிடித்துக்கொண்டது. அப்போது உள்ளே அவள் பக்கத்தில் நின்ற பஞ்சாபகேசன் குனிந்து திரையைப் பார்த்தார்.

"இல்லாத கோத்திரத்தைப் போடாதே பத்மஜா. சன்னிதியில பொய் சங்கல்பம் ஆயிடும்."

கிருஷ்ணவேணிக்கு அது கேட்டது. "வேண்டாம் மாமி" என்றாள். "வேற ஆருக்கோ உள்ளத எனக்க மவளுக்கு எதுக்குப் போடணும்? ரெம்யான்னு சொன்னாப் போராதா?"

கிருஷ்ணவேணி தான் கொண்டுவந்த தேங்காயை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தன் பூக்கூடைக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டாள். பரீட்சைக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு சதயம்தான் இருந்தது.

அடுத்தது என் முறை. பாரத்வாஜம் என்றேன், திரை வழி விட்டது. அந்தச் சீட்டைக் கையில் வாங்கும்போது எனக்கு அவமானமாக இருந்தது.

சாயங்காலம் சுவர் அதிர்ந்தது. "மடச்சி! மண்டூகம்!" என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். சுருதி ஏறியிருந்ததால் தன்னைத்தான் என்று தெரிந்தது. போனேன். எழுதியதை அச்செடுத்துச் சமையல் மேடையில் பரப்பி வைத்திருந்தாள்.

"இதைப் பாரு. பக்தர்னு ஒரு கிளாஸ் எழுதியிருக்கேன். பேர், நாள், கோத்திரம், மூணும் குடுத்தாத்தான் ஆப்ஜெக்ட் உண்டாகும். கோத்திரம் இல்லேன்னா என் ப்ரோக்ராம்ல பக்தரே பொறக்க முடியாது. யாரு எழுதினா? நான் எழுதினேன்!"

"நாங்க அத்தனை பேரும் பார்த்தோமே, அப்போ ஒண்ணும் ஆகலையே?"

"அதுதாண்டி தப்பு! அத்தனை பேரும் ஒரே தெரு. எல்லாருக்கும் கோத்திரம் இருக்கு. இல்லாதவா ஒருத்தர் வந்து நிப்பான்னு என் புத்திக்கு எட்டவே இல்லை. கோவில் வாசல்ல தெனமும் பூ வாங்கறேன் அவகிட்ட!"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. பத்மஜா அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் அவள் அழுது முடிக்கவில்லை. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, "நாளைக்கே மாத்தறேன். பஞ்சாபகேசன் மாமாகிட்ட சொல்லிட்டு மாத்தறேன்" என்றாள்.

அங்கேதான் விஷயம் சிக்கலானது. மறுநாள் காலை பஞ்சாபகேசன் வீட்டு வாசலில் இருவரும் போய் நின்றோம். ப்ரோக்ராமில் பிழை இருக்கிறது, கோத்திரம் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்புகிறது, திருத்தப் போகிறேன் என்று பத்மஜா சொன்னாள். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"இது பிழைன்னு யார் சொன்னா? ரொம்ப நன்னா இருக்கே. ஒரு ஒழுங்கு வந்திருக்கு. கண்டவாளும் வந்து கூட்டம் போடறதில்லை."

"மாமா, அவா காலங்காலமா அர்ச்சனை வைக்கறவா."

"வைக்க வேண்டாம்னு நான் சொன்னேனா? நான் யாரையும் தடுக்கலையே. கம்ப்யூட்டர் கேக்கறது, அவாளுக்குச் சொல்ல முடியலை. அதுக்கு நாம என்ன பண்ணறது? வெளியில நின்னு சேவிச்சுண்டு போகட்டும். சுவாமி எல்லாருக்கும் பொது, அல்லே?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் கோவிலில் பாவம் குருக்கள் எந்தச் சீட்டு வந்தாலும் வாசித்துவிடுவார். இடையில் செயலாளர் நந்தி மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு நாக்கு நுனிவரை ஒரு வார்த்தை வந்தது. பத்மஜா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"கம்ப்யூட்டர் ஒண்ணும் கேக்கலை மாமா. நான் கேக்கச் சொன்னேன், அது கேக்கறது" என்றாள்.

"அப்படியே இருக்கட்டும். தொடாதே. கமிட்டிக்கு இதுதான் திருப்தி. உனக்கு இஷ்டமில்லைன்னா நாற்காலிக்கு வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

திரும்பி வரும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்மஜா வாயை மூடிக்கொண்டு நடந்தால் யாருக்கோ சனி பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

அன்று மாலை சுஜித்திடம் போனாள். வேலை முடிந்து நானும் அங்கே ஏறினேன். அவன் அவள் எழுதியதை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தான். நல்ல பையன், நன்றாகவே சொல்லிக் கொடுத்தான். கேட்பது, சோதிப்பது, சீட்டு அடிப்பது எல்லாவற்றையும் ஒரே உருண்டையாக உருட்டி வைத்திருக்கிறீர்கள், பிரித்துப் போடுங்கள் என்றான். பதில் வாங்குவதற்குத் தனியாக ஒரு கிளாஸ். பக்தருக்குப் பேர் மட்டும் கட்டாயம், மற்றது இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் காலியாக இருக்கட்டும். நட்சத்திரமும் தனி கிளாஸ் ஆகட்டும். பூசம் என்றாலும் மலையாளத்தில் பூயம் என்றாலும் ஒன்றேதான் என்று அதுவே தெரிந்துவைத்துக்கொள்ளட்டும். நடுவில் தப்பாகிவிட்டால் ஒரு கேள்வி பின்னால் போக வழி வேண்டும். தப்பான பதிலுக்குச் சீறக் கூடாது, எது வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

பத்மஜா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு செயலாளர் சொன்னதைச் சொன்னாள். சுஜித் தலையைச் சொறிந்தான்.

"சேச்சி, க்ளையன்ட் பறயுன்னதல்லே நமுக்கு ரிக்வயர்மென்ட்? அவர் வேண்டாம்னா விட்டேக்கு."

செய்யச் சொன்னவர் சொல்வதுதான் சட்டம், விட்டுவிடு என்கிறான். பத்மஜா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"யூஸரை நம்பாதேன்னு சொன்னே. நான் ஜன்னலுக்கு வெளியில நிக்கறவாளை யூஸர்னு நெனச்சுண்டேன். அவா எங்கேப்பா கீபோர்டைத் தொட்டா? தட்டறது நான். என் பின்னால நின்னு தட்டச் சொல்றது அவர். நம்பக் கூடாதது எங்க ரெண்டு பேரையும்தான். அதையில்லையா நீ மொதல்ல சொல்லிக்குடுத்திருக்கணும்?"

சுஜித் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

பிறகு நாள்தோறும் சமையல் முடிந்த கையோடு உட்கார்ந்து எழுதினாள். மஹேஷ் தானே தோசை வார்த்துக்கொள்ளப் பழகினார். மொத்தத்தையும் கலைத்துப் புதிதாகக் கட்டினாள். சரியாக வந்தால் ஒரு சத்தமும் இருக்காது, தப்பினால் சுவர் சொல்லும். சோதித்துப் பார்க்க இந்த முறை தெருப் பெண்களைக் கூப்பிடவில்லை. "உன் ஆபீஸ்ல யார் இருக்கா, அழைச்சுண்டு வா" என்றாள். என்னோடு வேலை செய்யும் ராகேலைக் கூட்டிக்கொண்டு போனேன். மார்த்தாண்டத்துக்காரி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்.

"பேர்?"

"ராகேல்."

"நாள்?"

"ஞாயித்துக்கிழமை."

பத்மஜா அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு சிரித்தாள். நாளும் இல்லாதவர்கள் வருவார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதையும் காலியாக விடலாம் என்று மாற்றினாள். நட்சத்திரம் தெரியாவிட்டால் சீட்டில் 'சுவாமி பேருக்கு' என்று வரும். தெருமுனை ஆட்டோக்காரர் அனூப், வடக்கேயிருந்து வந்து எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கிற பெங்காலிக் குடும்பம், எதிர்வீட்டில் டைல் போட வந்தவர்கள், ஒருத்தரையும் விடவில்லை. எல்லாருக்கும் காபி.

எல்லாம் முடிந்ததென்று நான் நினைத்தபோது இன்னொன்றைச் சேர்த்தாள். ஒரு பொத்தானை அழுத்தினால் அர்ச்சனையை மறுக்கலாம். ஆனால் மறுப்பதற்கு முன் ப்ரோக்ராம் ஒரு கேள்வி கேட்கும். மறுப்பவர் பெயர்? அதற்குப் பதில் தட்டினால், யாருக்கு அர்ச்சனை மறுக்கப்பட்டது, யார் மறுத்தார் என்று ஒரு சீட்டு அடித்து வரும். அதை வந்தவர் கையில் கொடுத்துவிட வேண்டியது.

"இது என்னத்துக்குடி? வம்பை வெலைக்கு வாங்கறே" என்றேன்.

"கம்ப்யூட்டர் கேக்கறது, கம்ப்யூட்டர் கேக்கறதுங்கறாரோல்லியோ? இனிமே கம்ப்யூட்டர் யாரையும் வேண்டாம்னு சொல்லாது. வேணும்னா மனுஷா சொல்லட்டும். பேரைச் சொல்லிட்டுச் சொல்லட்டும்."

"நாற்காலி போயிடும்."

"போகட்டும். எனக்கு நாற்காலி குடுத்தவா என் கையால ஒருத்தியை வெரட்டச் சொல்றா. அதுக்கு அவா வேற ஆளைப் பார்த்துக்கட்டும்."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்த நாற்காலி அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். கூரியர் ஆபீஸ் மூடிய பிறகு அவள் தலை நிமிர்ந்து நடந்தது அந்த நாற்காலி வந்த பிறகுதான்.

அடுத்த சதயம் வெள்ளிக்கிழமையாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை ரெம்யாவுக்குப் பரீட்சை. நான் லீவு சொல்லிவிட்டுக் கோவிலுக்குப் போனேன். நல்ல கூட்டம். கிருஷ்ணவேணி வரிசைக்கு வரவில்லை, கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். பத்மஜா கம்பி ஜன்னலுக்குள்ளிருந்து உரக்கக் கூப்பிட்டாள்.

"கிருஷ்ணவேணி! இன்னிக்குச் சதயம். வரலையா?"

"இல்ல மாமி. நான் இங்கன நின்னே கும்பிட்டுக்கிடுவேன்."

"வந்து வரிசையில நில்லு. நான் எழுதினது தப்பு. மாத்திட்டேன்."

கிருஷ்ணவேணி அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் முறை வருவதற்குள் பஞ்சாபகேசனுக்கு யார் மூலமோ சேதி போய்விட்டது. வேட்டி தடுக்கத் தடுக்க உள்ளே வந்தார். அதற்குள் கிருஷ்ணவேணி ஜன்னலுக்கு வந்திருந்தாள்.

"பேர்?"

"ரெம்யா."

"நாள்?"

"சதயம்."

திரையில் கோத்திரம் என்று வந்தது, பக்கத்திலேயே 'இருந்தால்' என்றும் வந்தது. பத்மஜா ஒன்றும் தட்டாமல் அடுத்ததற்குப் போனாள்.

"நிறுத்து" என்றார் பஞ்சாபகேசன். "இதைத் தொடாதேன்னு சொல்லியிருந்தேன். இந்தச் சீட்டைக் குடுக்கப்பிடாது."

"குடுக்கப்பிடாதா? சரி மாமா. அதுக்கும் வழி வச்சிருக்கேன்."

அந்தப் பொத்தானை அழுத்தினாள். நாற்காலியிலிருந்து எழுந்து ஒதுங்கி நின்றாள். திரையில் கேள்வி வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் இருந்தாலும் ஜன்னலுக்கு வெளியே முன்வரிசையில் நின்ற எல்லாரும் வாசித்தோம்.

"என்ன இது?"

"மறுக்கறவா பேர் கேக்கறது. தட்டுங்கோ. உங்க பேர் போட்டு ஒரு சீட்டு வரும். அதை இவ கையில குடுத்துடலாம்."

"நீயே தட்டு."

"நான் எப்படித் தட்டறது? நான் மறுக்கலையே. கம்ப்யூட்டரும் மறுக்கலை."

அவர் திரையைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். வரிசையில் எங்கள் தெருக்காரர்கள் இருந்தார்கள், வெளியூர்க்காரர்கள் இருந்தார்கள், தோளில் பையோடு அனூப் இருந்தார். ஒருத்தரும் மணி பார்க்கவில்லை. பஞ்சாபகேசன் கை கீபோர்டுக்கு மேலே போனது, ஒரு எழுத்தையும் தொடாமல் திரும்பி வந்தது.

கிருஷ்ணவேணி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எல்லாருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"போடுங்க சாரே. உங்க பேரப் போட்டு அந்தச் சீட்டத் தாங்க. அது மதி எனக்கு, அது போதும். அம்மா ஏன் உள்ள போவலன்னு எனக்க மவ கேட்டா நான் காட்டாண்டாமா? போன மாசம் அவ கேட்டா. எனக்கு ஒண்ணும் சொல்ல இல்ல."

அவர் முகம் வெளுத்துவிட்டது. மோர் கொடுக்கிற அந்தக் கை துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. எனக்கு அவர்மேல் ஒரு நொடி இரக்கம்கூட வந்தது. ஆனால் அந்த இரக்கத்தை நான் வளரவிடவில்லை. ஒரு மாதம் முன்னால் இதே இடத்தில் ஒருத்தி தேங்காயைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாளே, அதைப் பார்த்தவள் நான்.

உள்ளேயிருந்து குருக்கள் குரல் கொடுத்தார். "அடுத்த சீட்டு எங்கே? நேரம் ஆறதே!"

"எனக்கு... எனக்கு வேற ஜோலி இருக்கு. கமிட்டியில பேசிக்கறேன்" என்றார் பஞ்சாபகேசன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பக்கவாசல் வழியாகப் போனார்.

பத்மஜா உட்கார்ந்தாள். ஒரு கேள்வி பின்னால் போனாள். பிரிண்டர் கரகரவென்று சீட்டைத் தள்ளியது. ஜன்னல் வழியாக அதை நீட்டினாள். "உள்ளே போ. முன்னாடி போய் நில்லு" என்றாள், வீட்டில் மஹேஷை அதட்டுகிற அதே குரலில்.

கிருஷ்ணவேணி சன்னிதிக்கு முன்னால் போய் நின்றாள். குருக்கள் சீட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் வாசித்தார். "சதபிஷங் நக்ஷத்ரே, ரெம்யா நாம்ன்யா" என்று மணியோசைக்கு மேலே அவர் குரல் கேட்டது. கோத்திரம் வர வேண்டிய இடத்தில் அவர் தயங்கவே இல்லை. பேரைக் கேட்டதும் கிருஷ்ணவேணி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். திரும்பி ஜன்னலைப் பார்த்தேன், பத்மஜா அதற்குள் அடுத்த ஆளிடம் "பேரைக் கொஞ்சம் ஒறக்கச் சொல்லுங்கோ, காதுல விழலை" என்று சிடுசிடுத்துக்கொண்டிருந்தாள்.

கமிட்டி கூடியது. அவளை மாற்றிவிடலாம் என்று ஒரு பேச்சு இருந்ததாகக் கேள்வி. மாற்றவில்லை. கையால் சீட்டு எழுத ஆள் கிடைக்காதது ஒரு காரணம். பஞ்சாபகேசன் சில வாரம் பத்மஜாவைப் பார்த்தால் தெருவின் மறுபக்கமாக நடந்தார், இப்போது தலையை ஆட்டுகிறார். அந்த ஒரு கேள்வியை மட்டுமாவது எடுத்துவிடு, வருகிறவர்கள் தப்பாக நினைப்பார்கள் என்று கமிட்டியிலிருந்து இரண்டு முறை சொல்லியனுப்பினார்கள். அவள் எடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். ரெம்யா எழுதிய பரீட்சையின் முடிவு இன்னும் வரவில்லை. பி.எஸ்.சி. என்றால் அப்படித்தான், பொறுமை வேண்டும். கிருஷ்ணவேணி மாதம் தவறாமல் வருகிறாள், அவள் பக்கத்துப் பழக்கடைக்காரரும் வருகிறார், ராகேல்கூட ஒரு நாள் வேடிக்கை பார்க்க வந்து மகன் பேருக்கு ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

மறுப்பவர் பெயர் என்ற கேள்வி இன்னமும் அந்த ப்ரோக்ராமில் இருக்கிறது. இதுவரை ஒருத்தரும் அதற்குப் பதில் தட்டவில்லை.